குதிக்கால் படாத பிள்ளைக்கு நடை பழக்குதல்: அனுபவப் பகிர்வு

பிசியோ, வெள்ளவத்தை:
மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான்: ஏ.எஃப்.ஓ (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் கவசம்) போட்டிருக்கும், உள்ளே குதிக்கால் மேலே ஏறியிருக்கும். அப்படியென்றால் அதைப் போட்டும் பலனில்லை. காலை நீட்டி வைத்து மாட்டுவதால் வரும் பிழை. முழங்கால் நீண்டிருந்தால் கெண்டைத்தசை இறுகிக் குதியைத் தூக்கிவிடும். பிள்ளையை இருத்தி, முழங்காலை மடித்து, குதியைப் பின்மூலைவரை தள்ளிவிட்டு முதலில் கணுக்கால் பட்டியை இறுக்குங்கள். கெண்டைப் பட்டி கடைசியில். கழற்றியபின் தோலில் சிவப்பு 20–30 நிமிடத்தில் மறையவேணும். மறையாவிட்டால் பட்டியைத் தளர்த்தவேண்டாம். தளர்த்தினால் கால் உள்ளே ஏறியிறங்கி இன்னும் உரசும். செய்தவரிடமே கொண்டுபோய்த் திருத்துங்கள்.

ஒரு அம்மா, கொட்டாஞ்சேனை:
கொழும்பு வெக்கைக்குப் பருத்தி மேஸ்தான் சரி. ஏ.எஃப்.ஓ விளிம்புக்கு மேலே வரும் நீளம் வேணும், சுருக்கம் விழக்கூடாது. நனைந்தால் உடனே மாற்றுங்கள். நாங்கள் வீட்டுக்குள் சப்பாத்துப் போடுவதில்லை, ஆனால் வெறும் ஏ.எஃப்.ஓ டைல்ஸில் வழுக்கும். வீட்டுக்கென்று ஒரு சோடி தனியாக வையுங்கள். ஒரு இலக்கம் பெரிதாக வாங்கி, உள்ளட்டையைக் கழற்றினால் கால் இலகுவாகப் போகும்.

பிசியோ, வெள்ளவத்தை:
கெண்டையை இழுத்துவிடுவதால் மட்டும் நடை மாறாது. இருந்து எழும்பும் பயிற்சி கட்டாயம் வேணும். பாதம் முழுதாகப் பதிந்து, தொடை நிலத்துக்குச் சமாந்தரமாக வரும் உயரத்தில் ஒரு முக்காலி. கஷ்டமென்றால் மேலே மடித்த போர்வை. பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இருக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து எழும்பவேணும். 10 தரம், மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். இலகுவானால் முதுகுப்பையில் அரைக் கிலோ அரிசி. கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உடம்பு பின்னுக்கு விறைத்து முனைக்காலில் ஏறிவிடும். இருக்கும்போதும் தொப்பென்று விழவிடாமல் மூன்று எண்ணி இறக்குங்கள். பலம் கூடுவது அந்த இறக்கத்திலும்தான், பலர் அதைக் கவனிப்பதில்லை.

இறுகிய தசையைத் தளர்த்தப் போடும் போட்டொக்ஸ் ஊசியின் தளர்வு ஏறக்குறைய மூன்று மாதம்தான் நிற்கும். அந்த வாரங்களில் பயிற்சியை விட்டால் ஊசி வீண்.

ஒரு அப்பா, தெமட்டகொடை:
பிடித்து நடக்க எந்த வோக்கர் நல்லது?

பிசியோ, வெள்ளவத்தை:
பிள்ளைக்குப் பின்னால் சட்டம் வரும் வகையைப் பாருங்கள். முன்னால் தள்ளுவதில் பலர் குனிந்தே நடப்பார்கள். பிடி இடுப்பளவில், முழங்கை சற்று மடியும்படி. காலிமுகத்திடல் நடைபாதையில் காலை வெயிலுக்கு முன் பழக்கலாம். இருக்கை வைத்த சில்லு பேபி வோக்கர் வேண்டவே வேண்டாம், அது முனைக்காலால் உந்தத்தான் பழக்கும். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியோ வேறு கிளினிக்கோ, போகும்போது இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுப்பதென்று கேளுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும்போது வலி தெரியாமலே இருக்கலாம்.