ஆன்டிடிரஸ்ட் இம்யூனிட்டி: 'வழக்குக் காப்பு' எனலாமா?

ஐயா, வணக்கம்.

விமான நிறுவனங்கள் கூடிச் செயல்பட்டாலும் போட்டிச் சட்டத்தின்படி வழக்கு வராமல் அரசு தரும் விலக்குதான் 'ஆன்டிடிரஸ்ட் இம்யூனிட்டி'. அதற்குத் தாங்கள் முன்வைத்த 'விடுபாட்டுரிமை' நல்ல சொல்தான். இலங்கை நாளிதழ்களில் பழகியதும்கூட. ஆனால் விமான நிறுவனங்களின் சங்கதிக்கு அது பொருந்துமா என்று ஐயமாக இருக்கிறது.

முதலில் 'ஆன்டிடிரஸ்ட்'. ஒரு மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கையற்ற சட்டம்' என்று படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். 1882இல் ஸ்டாண்டர்டு ஆயில் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம் தன் கம்பெனிகளின் பங்குகளைச் சில அறங்காவலர்களிடம் ஒப்படைத்தது. அந்த ஏற்பாட்டுக்குத்தான் டிரஸ்ட் என்று பெயர். 1890இன் அமெரிக்க ஷெர்மன் சட்டம் பாய்ந்தது அத்தகைய கூட்டுகள்மேல். 'ஏகபோகத் தடை'யும் குறைபட்டதே: இருவர் கூடிப் பேசி விலை வைத்தால் அது ஏகபோகம் ஆகாது, குற்றம் மட்டும் ஆகும். 2002 முதல் இந்தியாவில் வழங்கும் 'போட்டிச் சட்டம்' போதும்.

இனி 'இம்யூனிட்டி'. ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு போன்ற விமான நிறுவனக் கூட்டணிகளில் சேர்ந்துவிட்டாலே இது கிடைத்துவிடாது. ஓய்வறையையும் மைல் புள்ளிகளையும் பகிர்ந்துகொள்ள இது தேவையுமில்லை. கட்டணத்தையும் நேர அட்டவணையையும் கூடி முடிவுசெய்ய வேண்டுமானால்தான் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையிடம் போக வேண்டும். 1993இல் முதலில் பெற்றவை நார்த்வெஸ்ட்டும் கேஎல்எம்மும். கொடுத்த துறை நிபந்தனை விதிக்கலாம், திரும்பப் பெறவும் செய்யலாம். 2010இல் அமெரிக்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ் கூட்டுக்கு அனுமதி தந்தபோது, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நான்கு இணை ஸ்லாட்டுகளை, அதாவது விமானம் இறங்கவும் கிளம்பவும் ஒதுக்கிய நேரங்களை, போட்டியாளர்களுக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னது. இப்படிப்பட்டதை 'உரிமை' என்பானேன்?

என் பரிந்துரை 'வழக்குக் காப்பு'. திருவிழாவில் காப்புக் கட்டிக்கொண்டவர் விரதம் காக்கிறார். முடிந்ததும் காப்பு அவிழ்கிறது. பாதுகாப்பு, கட்டுப்பாடு, கெடு மூன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன.

சொல் கிளைக்கிறதா என்றும் பார்த்தேன். 1996இல் யுனைடெட்–லுஃப்தான்சாவுக்குக் காப்பு வழங்கியபோது, ஃபிராங்க்ஃபர்ட்–சிகாகோ, ஃபிராங்க்ஃபர்ட்–வாஷிங்டன் தடங்களில் நேரடிப் பயணிகளில் ஒரு பகுதியினருக்கான கட்டணத்தை மட்டும் காப்பிலிருந்து விலக்கிவைத்தார்கள். 'கார்வ்-அவுட்' எனப்படும் இத்தகைய தடங்களைக் 'காப்பில்லாத் தடங்கள்' எனலாம். உறுத்தவில்லை.

'மெட்டல் நியூட்ராலிட்டி'தான் மிச்சம். இத்தொழிலில் மெட்டல் என்றால் அவரவர் விமானம். பயணி யார் விமானத்தில் ஏறினாலும் கூட்டாளிகளுக்கு வருவாய் ஒன்றே என்பது பொருள். யாராவது 'உலோக நடுநிலை' என்று எழுதிவைப்பதற்குள் 'விமானப் பேதமின்மை' என்று முந்திக்கொள்கிறேன். இதைவிடச் சின்னதாகத் தங்களுக்கு ஏதும் தோன்றுகிறதா?