எத்தியோப்பியா: வேகமாக வளர்ந்த நாடு கடனில் சிக்கியது எப்படி?

கேள்வி (முதுகலை மாணவன்):
எத்தியோப்பியா பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 2004 முதல் பத்து வருஷத்துக்கும் மேல், ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கு. அதே நாடு 2023 டிசம்பரில் 3.3 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்டவில்லை. போர்தான் காரணமா, இல்லை அந்த வளர்ச்சியே பொய்யா?

பதில் 1:
பொய் இல்லை தம்பி. சாலை, பள்ளிக்கூடம், மின்நிலையம் எல்லாம் நிஜமாகவே வந்தன. கோளாறு டாலரில் இருக்கிறது. தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து கடலோர அண்டை நாடான ஜிபூட்டிக்கு 750 கிலோமீட்டர் மின்சார ரயில் போட்டார்கள், பெரும்பகுதி சீனக் கடன். கடன் டாலரில், ரயிலுக்கு உள்ளூரில் வரும் காசு அந்த நாட்டு நாணயமான பிர்ரில். ஏற்றுமதியைப் போல நாலு மடங்கு இறக்குமதி செய்யும் நாடு அந்த டாலருக்கு எங்கே போகும்? 1993-ல் கடலோரப் பகுதியான எரித்திரியா தனி நாடாகப் பிரிந்ததிலிருந்து சொந்தத் துறைமுகமும் கிடையாது, 90 சதவீதத்துக்கு மேல் சரக்கு ஜிபூட்டி வழியாகத்தான். வடக்கே டிக்ரே மாநிலத்தில் நடந்த உள்நாட்டுப் போர் (2020-22) ஏற்கெனவே இருந்த ஓட்டையைப் பெரிதாக்கியது, அவ்வளவுதான்.

பதில் 2:
நான் அங்கே கல்லூரியில் பாடம் நடத்தியவன். சம்பளத்தில் ஊருக்கு அனுப்ப வேண்டிய பங்கை டாலராக மாற்ற வங்கியில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருப்போம். கடைக்காரர்களுக்கும் அதே கதிதான், மருந்து இறக்குமதி செய்பவர்கூட வரிசையில் நிற்பார். வெளிச்சந்தையில் டாலரின் விலை இரண்டு மடங்கு. 2024 ஜூலையில் பிர்ரின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள், டாலருக்கு 57 ஆக இருந்தது சில வாரத்தில் 100-ஐத் தாண்டியது. சம்பளக்காரர்களுக்குப் பெரிய அடி. ஆனால் கடத்தலில் போய்க்கொண்டிருந்த தங்கம் அதற்கப்புறம்தான் அரசு வங்கிக்கு வர ஆரம்பித்தது, இதையும் சேர்த்து எழுதுங்கள்.

பதில் 3:
திருப்பூரில் பின்னலாடை வேலை எனக்கு. எத்தியோப்பியாவில் ஹவாசா ஆடைத் தொழிற்பூங்கா 2016-ல் திறந்தபோது இங்கே பலருக்கும் பயம்தான், ஏனென்றால் அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர் அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் கட்டுப்படியாகாமல், கிராமத்திலிருந்து வந்த பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டார்கள். இங்கே நூல், சாயம், பட்டன், அட்டைப்பெட்டி எல்லாம் ஒரே ஊருக்குள் கிடைக்கும். அங்கே துணியே பெரும்பாலும் கப்பலில் வர வேண்டும், அதற்கும் டாலர்! 2022 ஜனவரியில் டிக்ரே போரில் நடந்த மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி அமெரிக்கா வரிச்சலுகையை நிறுத்தியதும் ஆர்டர்கள் போய்விட்டன. பாவம், போரை முடிவு செய்தது யாரோ, வேலை போனது தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு.

மாணவன்:
நன்றி. நைல் ஆற்றில் எத்தியோப்பியா கட்டிய அணை நிலைமையை மாற்றுமா?

பதில் 1:
ஓரளவு மாற்றும். 2011-ல் தொடங்கி 2025 செப்டம்பரில் திறந்தார்கள், 5,150 மெகாவாட். பெரும்பகுதிப் பணம் உள்நாட்டிலேயே கடன் பத்திரம் விற்றும் நன்கொடை வாங்கியும் திரட்டியது. கென்யாவுக்கும் ஜிபூட்டிக்கும் மின்சாரம் விற்றால் டாலர் வரும். ஆனால் நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டில் இன்னும் மின்சாரம் இல்லை, அவர்களுக்குக் கம்பி இழுக்கும் செலவு தனி. அப்புறம், நில விஷயத்தை எழுதாமல் விட்டுவிடாதே. 1995 அரசியலமைப்புப்படி நிலம் முழுக்க அரசுக்கும் மக்களுக்கும் பொது, விவசாயி அதை விற்க முடியாது. ஊரை விட்டுத் தொழிற்சாலைக்குப் போக நினைப்பவன் கையில் முதல் இல்லாமல்தான் கிளம்புகிறான். உன் கட்டுரையில் பாதி இதற்கே போகலாம்.