கமிஷனை மறுத்துவிட்டேன், கோயிலுக்குத் தரும் சிமெண்டை எப்படி மறுப்பது?

தாமிரக்கரை கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தென்மாவட்டத்தில் ஒரு உள்ளாட்சி அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருக்கிறேன். ரோடு, வடிகால், சின்னச் சின்னக் கட்டடங்கள் என் பொறுப்பு. நான் அளவெடுத்து எம்.புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கான்ட்ராக்டரின் பில் நகரும். அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பர்சன்டேஜ் கமிஷன் வாங்கமாட்டேன் என்று வேலையில் சேர்ந்தவுடனேயே சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் முறைத்தார்கள். அப்புறம் "அவர் வேதக்காரர், வாங்கமாட்டார்" என்று விட்டுவிட்டார்கள்.

பணமாக வந்தால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. பணமாக வராததில்தான் குழப்பம். வெயிலில் சைட்டில் நின்றால் இளநீர் வருகிறது. மழை நாளில் "வீட்டில் இறக்கிவிடுகிறேன் சார்" என்று கார் கதவைத் திறக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு சட்டைத்துணி. போன மாதம் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தபோது ஒரு கான்ட்ராக்டர் ரத்தம் கொடுக்கத் தன் ஆட்களை அனுப்பிவைத்தார். அதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

இப்போது எங்கள் கிராமத்துச் சபைக் கோயிலில் மண்டபத்துக்குக் கூரை கான்கிரீட் போடவேண்டும். சபை விருந்தான அசனத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று அவசரம். அதே கான்ட்ராக்டர், "உங்க கோயிலுக்கு நூறு மூட்டை சிமெண்ட் நான் இறக்குறேன் சார். உங்களுக்கு இல்ல, சாமிக்கு" என்கிறார். நல்ல மனுஷர்தான், வஞ்சகமாகப் பேசுகிறவர் இல்லை. விஷயம் எப்படியோ சபைப் பொருளாளர் காதுக்குப் போய், அவர் இதை ஜெபத்துக்குப் பதில் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் இவர் போட்ட வடிகாலில் இரண்டு இடத்தில் தளத்தின் கனம் குறைகிறது. அந்த அளவை நான் இன்னும் எழுதவில்லை.

காலையில் வேதம் வாசிக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறேன். "விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று ஆண்டவர் சொன்னதில், ஜெபம்பண்ணச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்தார்கள். விழித்திருப்பதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிற ஒருவன் அதை எப்படிச் செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பனையோலை எழுதியது:

பிரதர், உங்கள் மனசாட்சிக்காக ஸ்தோத்திரம். ஆனாலும் இதில் நீங்கள் அளவுக்கு மேல் கலங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். சாலொமோன் ஆலயம் கட்டியபோது தீருவின் ராஜா ஈராம் கேதுரு மரம் அனுப்பினான். எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டக் கோரேசு ராஜாவே உத்தரவு கொடுத்தான். இந்தப் புறஜாதியார் கையிலிருந்து வந்ததை யாரும் தள்ளவில்லை. சிமெண்ட் உங்கள் வீட்டுக்கு வரவில்லையே. சபை வாங்கிக்கொள்ளட்டும், நீங்கள் உங்கள் வேலையில் நேர்மையாக இருங்கள். இரண்டையும் ஏன் முடிச்சுப் போடவேண்டும்?

மணிமுத்தாறு எழுதியது:

தம்பி, நான் ஒரு பொறியியல் கோட்ட அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். உங்களைப் போன்றவர்கள் எழுதும் எம்.புக் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பனையோலை சொன்னதற்கு. ஈராம் மரத்தைச் சும்மா அனுப்பவில்லை. சாலொமோன் அதற்கு வருஷாவருஷம் கோதுமையும் எண்ணெயும் கொடுத்தார். 1 இராஜாக்கள் 5-ல் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஈராமின் பில் எதுவும் சாலொமோன் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருக்கவில்லை. இங்கே முடிச்சை நாம் போடவில்லை, அது ஏற்கெனவே விழுந்து கிடக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறவன் கேயாசி. எலிசா தீர்க்கதரிசியின் வார்த்தையால் குஷ்டரோகம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான் காணிக்கையோடு நின்றபோது, எலிசா வாங்கவில்லை. வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடினான். ஓடிப்போய் என்ன கேட்டான் என்பதைப் பாருங்கள். எனக்குத் தா என்று கேட்கவில்லை. எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து தீர்க்கதரிசிகளின் புத்திரரில் இரண்டு வாலிபர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரமும் வேண்டும் என்றான். ஊழியத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்டான். நாகமான் வருந்திக் கேட்டு இரண்டு தாலந்தாகக் கொடுத்து அனுப்பினான். கடைசியில் நாகமானின் குஷ்டரோகம் கேயாசியைப் பிடித்தது. நாகமான் மேல் ஒரு குற்றமும் இல்லை. உண்மையான நன்றியோடுதான் கொடுத்தான். உங்கள் கான்ட்ராக்டரும் நல்ல மனுஷராகவே இருக்கலாம். கொடுக்கிறவர் நல்லவர் என்பதால் வாங்குகிறவனுடைய ஆபத்து குறைவதில்லை. கொடுக்கிறவர் முகத்தில் வஞ்சகம் இல்லாதபோது நாம் இன்னும் அசந்துபோகிறோம், அவ்வளவுதான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1988-ஆம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். 2018-ல் திருத்திய பிறகு, அரசு ஊழியர் தனக்காக வாங்கினாலும் வேறொருவருக்காக வாங்கினாலும், நேரடியாக வாங்கினாலும் மூன்றாவது ஆள் மூலம் வாங்கினாலும் ஒன்றுதான் என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. பணமாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. தண்டனை 3 வருஷத்துக்குக் குறையாது, 7 வருஷம் வரை போகும். கொடுக்கிறவரும் இப்போது குற்றவாளி. ஆக, அந்த நல்ல மனுஷரையும் நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

லஞ்ச ஒழிப்புத் துறையின் பொறி எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோட்டில் பினால்ப்தலீன் பொடி தடவி அனுப்புவார்கள். வாங்கியவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். பணத்துக்கு அப்படி ஒரு சோதனை இருக்கிறது. கோயிலுக்கு இறங்குகிற சிமெண்ட் எந்தக் கையிலும் நிறம் ஏற்றாது. பரிதானம், அதாவது லஞ்சம், பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும் என்று யாத்திராகமம் 23:8 சொல்கிறது. பார்வை இல்லாதவனைச் சொல்லவில்லை பாருங்கள். உங்களைப் போல் நன்றாகப் பார்க்கிறவர்களைத்தான் சொல்கிறது.

இப்போது விழித்திருப்பதற்கு வருகிறேன். ஆண்டவர் பிடிபட்ட ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் தூங்கிப்போன பேதுரு கோழை இல்லை. சேவகர் வந்தபோது பட்டயத்தை உருவிப் பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸின் காதை வெட்டினவன் அவன்தான். அதே ராத்திரி, குளிருக்கு நெருப்பண்டை உட்கார்ந்திருக்கும்போது, ஒரு வேலைக்காரி கேட்ட கேள்வியில், ஆண்டவரைத் தெரியாது என்று சொல்லி விழுந்தான். பட்டயம் வரும் என்று எதிர்பார்த்திருந்தான், அதில் நின்றான். நெருப்பண்டை எதுவும் வரும் என்று நினைக்கவில்லை. நீங்கள் பணக் கவருக்கு விழித்திருக்கிறீர்கள், இளநீருக்கு விழித்திருக்கவில்லை. நான் இருந்த அலுவலகத்தில் கெட்டுப்போனவர்களில் ஒருவரும் கவரில் ஆரம்பிக்கவில்லை. வீட்டு விசேஷத்தில் ஓடியாடி நின்றவர் அடுத்த மாதம் பில்லோடு வருவார். அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல நாக்கு எழும்பாது.

சீஷர்கள் ஏன் தூங்கினார்கள் என்று லூக்கா ஒரு காரணம் எழுதியிருக்கிறார்: துக்கத்தினாலே. எனக்கு இது மிகவும் ஆறுதலான வசனம். ஆண்டவருக்கே வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசம் முடிந்து பசி உண்டான பிறகுதான் "இந்தக் கல் அப்பமாகட்டும்" என்ற பேச்சு வந்தது. உங்களுக்கு இது அப்பாவின் ஆபரேஷன் நேரம். ஆஸ்பத்திரிக் கடன் தலையில் இருக்கும், தூக்கம் இருக்காது. இந்த மாதங்களில் நீங்கள் பலவீனமாக இருப்பது பாவம் இல்லை. அது தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. அதனால் அந்தக் கான்ட்ராக்டரின் வேலையைத் தனியாகப் போய் அளக்காதீர்கள். ஓவர்சியரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அளந்த இடத்திலேயே, அன்றைக்கே, பேனாவால் எழுதுங்கள்.

தம்பி, உங்கள் கேள்வியில் என்னைத் தூங்கவிடாத வரி, "அந்த அளவை நான் இன்னும் எழுதவில்லை" என்பதுதான். சிமெண்டைவிட எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது. எழுதிய அளவோடு யாரும் பேரம் பேச முடியாது. எழுதாத அளவு ராத்திரியில் உங்களோடு பேசிக்கொண்டே இருக்கும்: ஒரு சென்டிமீட்டர்தானே, தண்ணீர் ஓடத்தானே போகிறது, கோயிலுக்குக் கொடுக்கிறவர்தானே என்று. தெரிந்ததற்கும் செய்வதற்கும் நடுவில் விடுகிற அந்த இடைவெளியில்தான் சோதனை வந்து உட்காருகிறது. தானியேல் ராஜாவின் போஜனத்தைச் சாப்பிடுவதில்லை என்று இருதயத்தில் முதலிலேயே தீர்மானம்பண்ணிவிட்டான். தட்டு முன்னால் வந்த பிறகு யோசிக்கவில்லை. அப்புறம் பிரதானியிடம் போய் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

ஆகவே நாளைக்கே எழுதுங்கள். சேகர குருவிடம், உங்கள் சபை ஐயரிடம், போய் நீங்களே சொல்லுங்கள், பொருளாளர் சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது. கான்ட்ராக்டரிடம், "உங்கள் பில்லில் என் கையெழுத்து இருக்கிறவரை என் கோயிலுக்கு உங்களிடமிருந்து ஒன்றும் வேண்டாம்" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். ரத்தம் கொடுத்த பையன்களை வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மா கையால் சோறு போடுங்கள். அது மனுஷருக்கு மனுஷர் செய்த உதவி, அதற்கு நன்றி வேண்டும். அந்த நன்றி அளவு நாடாவுக்குள் வரக்கூடாது.

முத்துநகர் எழுதியது:

நான் கத்தோலிக்கன், தூத்துக்குடி. மணிமுத்தாறு அம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். புனித இஞ்ஞாசியார் குருவாகும் முன் போர்வீரர். 1521-ல் பாம்ப்லோனா கோட்டையைக் காக்கும்போது குண்டு பட்டுக் கால் உடைந்தவர். சாத்தானைப் பற்றி அவர் தந்த விதிகளில் ஒன்று: கோட்டையைப் பிடிக்க வருகிற தளபதி சுற்றிவந்து எந்தப் பக்கம் பலவீனம் என்று பார்த்து அங்கேதான் தாக்குவான். இன்னொன்று: அவன் தன் பேச்சு இரகசியமாகவே இருக்கவேண்டும் என்று விரும்புவான், நல்ல ஆன்ம குருவிடம் வெளியே சொல்லிவிட்டால் அவன் திட்டம் பலிக்காது. நீங்கள் இங்கே எழுதியதே பாதி வேலை, மீதிப் பாதியை முகம் தெரிந்த ஒருவரிடம் சொல்லுங்கள்.

தினம் மதியமும் இரவும் ஆன்ம சோதனை செய்யச் சொல்கிறார். நான் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் செய்கிறேன். காலையிலிருந்து யார் வந்தார்கள், யாரிடம் பேசும்போது குரல் குழைந்தது, யாரிடம் காரணமில்லாமல் கடுமையாக இருந்தேன் என்று நினைத்துப் பார்த்து, நன்றியில் ஆரம்பித்து மன்னிப்பில் முடிப்பேன். இரவு வரை விட்டால் நிறைய மறந்துபோகிறது. உங்கள் வேலைக்கு மதிய நேரம் நல்லது, ஏனென்றால் கான்ட்ராக்டர்கள் சாயங்காலம்தான் வருவார்கள்.

தாமிரக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அம்மா, அளவை எழுதிவிட்டேன். ஓவர்சியர் கூட இருந்தார். கனம் குறைந்த இரண்டு இடத்தையும் உடைத்துத் திரும்பப் போட நோட்டீஸ் கொடுத்தாயிற்று. கான்ட்ராக்டரிடம் நீங்கள் சொன்ன வார்த்தையையே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி சார்" என்று போய்விட்டார். இப்போது போன் எடுப்பதில்லை. ஐயர் என்னைப் புரிந்துகொண்டார். பொருளாளர் புரிந்துகொள்ளவில்லை. "சபைக்கு வந்ததைத் தடுக்க நீ யார்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கூரை வேலை நிற்கிறது. அசனம் பந்தலில்தான் நடக்கும் போல.

இதில் எதிர்பார்க்காத ஒன்று நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்து, இங்கே இருக்கிறவர்களில் யார் யார் அலுவலகத்தில் வாங்குகிறவர்கள் என்று மனது கணக்குப் போடுகிறது. பொருளாளர் ஜெபம்பண்ணினால் ஆமென் வரமாட்டேன் என்கிறது.

மணிமுத்தாறு எழுதியது:

சந்தோஷம் தம்பி. அப்பா எப்படி இருக்கிறார் என்று எழுதவில்லையே, அதையும் எழுதுங்கள்.

நீங்கள் கடைசியில் எழுதியதும் சோதனைதான், சிமெண்டைவிட நாசூக்கானது. வனாந்தரத்தில் தோற்ற பிசாசு சிலகாலம் ஆண்டவரை விட்டு விலகிப்போனான் என்றுதான் லூக்கா 4:13-ல் இருக்கிறது. ஜெயித்த வாரத்தில்தான் "தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன்" என்ற வசனம் நமக்குத் தேவைப்படும். சாமுவேல் தீர்க்கதரிசி கிழவனான பிறகு, யார் கையில் பரிதானம் வாங்கினேன் என்று இஸ்ரவேலர் எல்லார் முன்னாலும் நின்று கேட்டார், ஒருவரும் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அவருடைய பிள்ளைகளே பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினவர்கள். அந்த வேதனையோடும் அவர் ஜனங்களுக்காக வேண்டுதல் செய்வதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் அது கர்த்தருக்கு விரோதமான பாவம் என்றார். நீங்களும் பொருளாளர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அவர் தனக்காகக் கேட்கவில்லை, கோயில் கூரைக்காகத்தான் தவிக்கிறார். முடிந்தால் இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய், உங்கள் சம்பளத்திலிருந்து எத்தனை மூட்டை முடியுமோ அதற்கான பணத்தைக் கையில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

எங்கள் ஊர்க் கோயில் சுற்றுச்சுவர் பெண்களின் பிடி அரிசிக் காணிக்கையில் எழும்பியது. மெதுவாகத்தான் எழும்பியது, ஆனால் யாருடைய பில்லும் அதில் இல்லை. உங்கள் கூரைக்கு இன்னும் எவ்வளவு தேவை என்று ஐயரிடம் கேட்டு எழுதுங்கள். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கம் மாதக் கடைசியில் கூடும், அங்கே பேசிவிட்டுச் சொல்கிறேன்.