புது டீசல் கார் ஏற்றத்தில் இழுவை விட்டுப்போகிறது, சர்வீஸில் "கம்ப்ளெயிண்ட் இல்லை" என்கிறார்கள். உதவி தேவை

சேலம்_மேட்டூர்_ரோடு:
வணக்கம். பொங்கலுக்கு முன்னால் டெலிவரி எடுத்த வண்டி. 1.5 லிட்டர் பிஎஸ்6 டீசல், மேனுவல் கியர். பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. கம்பெனி பெயர் இப்போதைக்கு வேண்டாம்.

சேலத்திலிருந்து ஓசூருக்குக் குடும்பத்தோடு போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஒரு டிரெய்லரை முந்தினேன். பாதி தாண்டும்போது வண்டி சட்டென்று சோர்ந்துவிட்டது. எஞ்சின் அணையவில்லை, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் ஆர்பிஎம் 2500-ஐத் தாண்டவில்லை. மீட்டரில் மஞ்சள் எஞ்சின் லைட். பின்னால் இன்னொரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது, உள்ளே அம்மாவும் குழந்தைகளும். எப்படியோ ஓரம் கட்டினேன். சாவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது!

ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கதை. ஊருக்குள் ஓட்டும்போது ஒருநாளும் வந்ததில்லை. சர்வீஸ் சென்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஃபால்ட் எதுவும் இல்லை, பங்க் மாற்றி டீசல் போடுங்கள்" என்கிறார்கள். இதை நம்பி எப்படிக் குடும்பத்தை ஏற்றுவது?

நாமக்கல்_டீசல்:
அண்ணே, முதலில் வண்டியில் வேறு என்ன லைட் வந்தது என்று பாருங்கள். பிஎஸ்6 டீசல் என்றாலே எனக்கு டிபிஎஃப் மேல்தான் சந்தேகம். சைலன்ஸர் லைனில் இருக்கும் கரித்தூள் வடிகட்டி. ஊருக்குள் பள்ளிக்கூடம், கடை என்று சின்னச் சின்ன ஓட்டமே ஓடினால் அது சூடாகாது, கரி எரியாது, அடைத்துக்கொள்ளும். கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். பைபாஸில் 60, 70 வேகத்தில் ஆர்பிஎம் 2000-க்கு மேல் வைத்து இருபது நிமிடம் விடாமல் ஓட்டிப் பாருங்கள்.

பழைய_வொர்க்‌ஷாப்:
தம்பி சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. டிபிஎஃப் அடைத்து வண்டி பவரைக் குறைத்தால், சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிவிடாது. உள்ளே கரி அப்படியேதானே இருக்கிறது? இவர் வண்டி ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்ததும் சுத்தமாக ஓடுகிறது. லோடு ஏறி, மேட்டில், முழுசாக மிதிக்கும்போது மட்டும் வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் நான் முதலில் டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) பக்கம்தான் போவேன்.

நடப்பது இதுதான்: மிதிக்கும்போது ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், ஒரு அளவு காற்றழுத்தம் கேட்கிறது. டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) வழியாக எஞ்சினுக்குப் போகும் ஹோஸில் எங்காவது கசிந்தால் அந்த அழுத்தம் கிடைக்காது. எஞ்சினைக் காப்பாற்ற ஈசியூ பவரைக் கட்டிவிடும். லிம்ப் மோடு என்பது இதைத்தான். சமதளத்தில் மெதுவாக ஓட்டும்போது அழுத்தம் குறைவு, கசிவு தெரியாது. சர்வீஸ் சென்டர்காரர் தெருவைச் சுற்றி ஓட்டினால் எதுவும் காட்டாது. கரும்புகை வருகிறதா என்று பார்த்தும் பயனில்லை. புகையை டிபிஎஃப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

வண்டியின் ஃபால்ட் கோடுகளைப் படிக்கும் ஓபிடி-2 ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள். ப்ளூடூத்தில் போனோடு இணைவது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே சாக்கெட் இருக்கும். லைட் வந்ததும் ஓரமாக நிறுத்தி, ஃபால்ட் கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம் இரண்டையும் படமெடுத்து வையுங்கள். அந்த நொடியில் ஆர்பிஎம், லோடு, வேகம் எல்லாம் அதில் பதிந்திருக்கும். "கிளியர் கோட்ஸ்" பட்டனை மட்டும் தொடாதீர்கள், பேட்டரியையும் கழற்றாதீர்கள். சாட்சி அழிந்துவிடும்.

கோவை_வழக்காடி:
சார், ஒரு விஷயம். "பார்த்துக்கலாம்" என்று வாய் வார்த்தையாகச் சொன்னால் விடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டில் "ஏற்றத்தில் பவர் குறைந்து எஞ்சின் லைட் வருகிறது" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். கம்பெனிக்கு இமெயிலும் போடுங்கள். உங்கள் சேஸிஸ் எண்ணுக்கு ரீகால் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல், 50 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். காகிதம் இல்லாமல் அங்கே போனால் நிற்காது.

சேலம்_மேட்டூர்_ரோடு:
நன்றி. ஸ்கேனரோடு நேற்றுக் காலை ஏற்காடு ஏறினேன். குடும்பத்தை ஏற்றவில்லை, நண்பர்கள் இருவர் மட்டும். பாதி மலையில் லைட் வந்தது. கோடு பி0299. ஆப் காட்டியது: கேட்ட அழுத்தம் 2.2 பார், கிடைத்தது 1.5. மிதிக்கும்போது பானட் பக்கம் உஸ்ஸென்று சத்தம் வந்ததாகப் பின்சீட்டில் இருந்தவன் சொல்கிறான்.

பழைய_வொர்க்‌ஷாப்:
அதுதான்! பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு. எஞ்சின் நன்றாக ஆறியதும் பானட்டைத் திறந்து, இன்டர்கூலர் ஹோஸ் சேரும் இடங்களில் விரலால் தடவிப் பாருங்கள். டர்போவிலிருந்து வரும் காற்றில் எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருக்கும். கசியும் ஜாயிண்டில் அது வெளியே படிந்து, மேலே தூசி ஒட்டிக் கருப்பாக இருக்கும். மற்ற ஜாயிண்டுகள் காய்ந்து கிடக்கும். பார்க்க மட்டும் செய்யுங்கள், கிளாம்பைத் திருகாதீர்கள். வாரண்டி இருக்கும் வண்டியில் வெளிக்கை படக்கூடாது.

சர்வீஸ் சென்டரில் ஒர்க்ஸ் மேனேஜரிடம் நேராகப் போய், "மெக்கானிக் என்னோடு மலை ஏற வரட்டும்" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஏற்காடு_டாக்ஸி:
சார், சரியாகும்வரை ஒன்று மனதில் வையுங்கள். பவர் போனால் பதறிச் சாவியை அணைக்க வேண்டாம். எஞ்சின் ஓடும்வரை பிரேக்கும் ஸ்டியரிங்கும் லேசாக இருக்கும். அணைந்துவிட்டால் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்குக்கு ஒன்றிரண்டு அழுத்தம்தான் பலம் இருக்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஹசார்டு லைட் போட்டு, கியர் குறைத்து, ஓரத்துக்குப் போனபிறகு அணையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033. முக்கியமாக, ஏற்றத்தில் லாரியை முந்தும் வேலையே இப்போது வேண்டாம்.

சேலம்_மேட்டூர்_ரோடு:
கண்டுபிடித்துவிட்டார்கள். நீங்கள் சொன்ன மாதிரியே இன்டர்கூலரின் வெளிப்பக்க ஹோஸில், கீழ்ப்பாதி மட்டும் கரிய பிசுக்கு. ஸ்கேனர் படங்களைக் காட்டியதும் மேனேஜரின் பேச்சே மாறியது. கழற்றிப் பார்த்தால் கிளாம்ப், பைப்பின் விளிம்பு மேட்டைத் தாண்டி உட்காராமல் சாய்வாக இறுக்கப்பட்டிருந்தது. ஃபேக்டரியிலிருந்தே அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். ஹோஸும் கிளாம்பும் வாரண்டியில் புதிது. மெக்கானிக்கோடு ஏற்காடு மேலேவரை மிதித்தே ஏறினேன். லைட் வரவில்லை, அழுத்தம் 2.2 கேட்டால் 2.2 நிற்கிறது.

ஒரு சந்தேகம்: இத்தனை நாள் கசிந்ததால் டர்போவுக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

பழைய_வொர்க்‌ஷாப்:
குறைந்த ஓட்டம்தான், லிம்ப் மோடும் ஒவ்வொரு முறையும் காப்பாற்றியிருக்கிறது. விசில் சத்தமோ ஆயில் குறைவதோ இல்லையென்றால் கவலை வேண்டாம். காற்று பற்றாமல் ஓடியதால் டிபிஎஃப்பில் வழக்கத்தைவிடக் கரி சேர்ந்திருக்கும். நாமக்கல் தம்பி சொன்ன அந்த இருபது நிமிட பைபாஸ் ஓட்டத்தை இப்போது போடுங்கள். செய்த வேலை முழுக்க ஜாப் கார்டில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.