கவுன்சலரிடம் சொன்னது வீட்டுக்கு எப்படிப் போகிறது?

எனக்குத் திருச்சி, வயது 27. போன வருடம் கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்து தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்று அம்மாதான் ஒரு சைக்காலஜிஸ்டிடம் கூட்டிப் போனார். அம்மாவின் ஆபீஸ் தோழிக்குத் தெரிந்தவர், அப்போதே எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். ஆனால் பேசப் பேச நம்பிக்கை வந்து, வேறு சாதியில் ஒருவரை விரும்புவதை அவரிடம் சொல்லிவிட்டேன். அந்த வாரமே அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நான் விரும்புகிறவரின் பெயரைச் சொல்லி "எந்த ஊர்க்காரன்?" என்றார். வீட்டில் நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. மறுபடி போய்க் கேட்டதற்கு, "நாளைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா பெத்தவங்களுக்கு நான்தானேம்மா பதில் சொல்லணும்" என்றார் அந்த சைக்காலஜிஸ்ட் அம்மா. ஃபீஸ்கூட என் ஜிபேயில் இருந்துதான் போனது. இப்படிச் செய்யலாமா? வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

—

மதுரையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். செய்யக் கூடாது, அவ்வளவுதான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவு, ரகசியம் என்பது சிகிச்சைக்கு வருகிறவரின் உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு என்று விதிவிலக்குகள் உண்டுதான், ஆனால் மகள் யாரை விரும்புகிறாள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. சிகிச்சை விஷயத்தில் உங்கள் சார்பாக யார் நிற்க வேண்டும் என்பதையும் 18 வயது முடிந்தவர் தானே நியமிக்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும், அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. புகார் கொடுப்பதாக இருந்தால் 28ஆம் பிரிவு இருக்கிறது, மாநில மனநல ஆணையத்துக்கு எழுதலாம்.

ஆனால் சட்டப் பிரிவுகளை ஒப்பித்தால் மட்டும் நம்ம ஊரில் வேலை நடக்காது. பையனை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே இருப்புக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும் அப்பா, கதவு திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி "என்ன சார் சொன்னான்?" என்பதுதான். பாதிப் பேர் வேவு பார்க்கக் கேட்பதில்லை, பயத்தில் கேட்கிறார்கள். ஒருவர் மேஜைமேல் ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை வைத்து, கையை அதன்மேலிருந்து எடுக்காமலே, "காசு கட்டறது நானு, எனக்குச் சொல்ல மாட்டீங்களா?" என்றார். அதனால் முதல் நாளே எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன்: தம்பி பேசுவது எனக்கும் தம்பிக்கும் நடுவில் இருக்கும், உயிருக்கு ஆபத்து மாதிரி ஏதாவது தெரிந்தால் உங்களிடம் வருவேன், அதையும் தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன். இதைப் பையன் காதுபடச் சொல்ல வேண்டும். தனியாக அப்பாவிடம் மட்டும் சொல்வது வீண்.

18 வயதுக்குக் கீழே என்றால் கதையே வேறு. அங்கே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வருகிறது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. மாமா தப்பாகத் தொடுகிறார் என்று ஒரு பிள்ளை சொன்னால் யோசிக்க ஒன்றுமே இல்லை. 17 வயதுப் பெண் தன் கூடப் படிக்கும் பையனோடு மனசு ஒத்து இருந்ததைச் சொல்லும்போதுதான் நமக்கு நெஞ்சு அடைக்கும், ஏனென்றால் சட்டம் அவள் சம்மதத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்புகிற மாதிரி தெரிந்தாலே, "இதை நீ சொன்னா நான் வெளியே சொல்ல வேண்டி வரும்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிலர் அத்தோடு வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நான் செய்வது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

—

என் விஷயத்தில் ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் ஆண்களை விரும்புகிறவன். 19 வயதில் வீட்டுக்குத் தெரிந்துபோய் ஒரு மனநல மருத்துவரிடம் இழுத்துப் போனார்கள். நான் சொன்னதையெல்லாம் என்னை வைத்துக்கொண்டே அப்பாவிடம் ஒப்பிப்பார். "ஆறு மாசத்துல சரி பண்ணிடலாம்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார், நாளெல்லாம் தூங்கி வழிந்தேன். அம்மா அதைக் கோவில் பிரசாதம் மாதிரி நேரம் தவறாமல் என் உள்ளங்கையில் வைப்பார், பாவம்.

2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த மாதிரி "மாற்றும்" வைத்தியத்துக்குத் தடை போட்டார், செய்கிறவர்கள்மேல் நடவடிக்கை வேண்டும், உரிமத்தைப் பறிப்பது உட்பட, என்றார். அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. எனக்குப் பிடித்தது வேறு ஒன்று: தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் அந்த நீதிபதியே, எனக்கு இதில் சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு சைக்காலஜிஸ்டிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். செய்தியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சட்டம், உரிமை எதுவும் அவர் காதில் ஏறவில்லை, "ஜட்ஜே போய்க் கேட்டாராடா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். அப்புறம் நாங்கள் போன சைக்காலஜிஸ்ட், "இது நோயில்லை, நான் மாத்தவும் போறதில்லை, வேணும்னா நீங்க வந்து பேசுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். ஆச்சரியம், அப்பா போனார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

—

கோவைப் பக்கம் ஒரு பள்ளியில் கவுன்சலர் நான். வாட்ஸாப் குரூப்களை யாரும் தொடவில்லையே! கவுன்சலர்கள் இருக்கும் ஒரு குரூப்பில் "பெயர் போடலை" என்ற தைரியத்தில் ஒருவர் தன்னிடம் வந்தவரைப் பற்றி எழுதியிருந்தார்: வயது 34, பேங்க் ஆபீசர், பொள்ளாச்சி பக்கம், கணவர் துபாயில், இரட்டைப் பெண் குழந்தைகள், இன்னொருவரோடு பழக்கம், என்ன செய்யலாம்? பெயர் எதற்கு, படித்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, என் தோழியின் அக்கா. தனியாக மெசேஜ் போட்டு அழிக்கச் சொன்னால், "கத்துக்கத்தானே மேடம் போடறோம்" என்கிறார். கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஒரு சீனியரிடம் நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும், அதற்குக் காசும் நேரமும் ஆகும், குரூப் என்றால் சும்மா கிடைக்கிறது. கடைசியில் அழித்தார். ஆனால் அதற்குள் குரூப்பில் பாதிப் பேர் பார்த்தாகிவிட்டது, ஆளாளுக்கு ஆலோசனையும் சொல்லியாகிவிட்டது, ஒருவர் மட்டும் கைகூப்பும் எமோஜி போட்டிருந்தார், எதற்கென்றுதான் தெரியவில்லை.