சால்ட் அனாலிசிஸ்: தயிரா, நீராகாரமா?

உசிலம்பட்டிக்காரர்:

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம். கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கும் சோதனை. எனக்கு வந்த வெள்ளை உப்பைக் கரைத்துப் பேரியம் குளோரைடு விட்டேன். கெட்டியாக வெள்ளை வீழ்படிவு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றியும் கரையவில்லை. சல்பேட் என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கை சும்மா இருக்குமா? இன்னொரு டியூப்பில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, மேலே ரெண்டு சொட்டு சில்வர் நைட்ரேட். அதுவும் வெளுத்தது. அது குளோரைடுக்கு அடையாளம்.

எங்களுக்குத் தருவது எளிய உப்பு. ஒரு நேர்மின் அயனி, ஒரு எதிர்மின் அயனி, அவ்வளவுதான். சல்பேட்டும் குளோரைடும் ஒன்றாக எப்படி வரும்? குழம்பிப்போய் சாரிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது தயிரா, நீராகாரமாடா?" என்றார். உப்பிலேயே குளோரைடு இருந்தால் திரிதிரியாகத் தயிர் மாதிரி விழும். அம்மோனியம் ஹைட்ராக்சைடு விட்டால் கரைந்துவிடும். என்னுடையது வெறும் கலங்கல்.

சுத்தமான டியூப்பில் குழாய்த் தண்ணீரை மட்டும் பிடித்து, அதே அமிலம், அதே சில்வர் நைட்ரேட் விட்டார். அதே கலங்கல்! லேப் தொட்டிக்கு வருவது போர் தண்ணீர். வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். டியூப்பை அதில் கழுவிவிட்டு, வாலை வடிநீரில், அதாவது காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரில், அலசாமல் விட்டது என் வேலை. "நீ கண்டுபிடிச்சது சால்ட்டை இல்லடா, நம்ம ஊர்த் தண்ணிய" என்றார். அந்த உப்பு கடைசியில் ஜிங்க் சல்பேட்.

மதுரை டவுன்காரர்:

இதையே தலைகீழாகப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்பாவுக்குத் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் பட்டறை. பழைய தங்கத்தோடு மூணு பங்கு வெள்ளி சேர்த்து உருக்கி, நைட்ரிக் திராவகத்தில் போடுவார். காவி நிறத்தில் புகை கிளம்பும், என்னை வாசலுக்குத் துரத்திவிடுவார். வெள்ளி கரைந்து போகும், தங்கம் கறுப்புப் பொடியாக அடியில் நிற்கும். வெள்ளி கரைந்த அந்தத் திராவகத்தை வடித்தெடுத்து, அதில் சமையல் உப்புக் கரைசலை ஊற்றினால் வெள்ளி அப்படியே தயிராகத் திரியும். உங்கள் சார் வெள்ளியை வைத்து உப்பைத் தேடினார், அப்பா உப்பை வைத்து வெள்ளியைப் பிடித்தார். வெயிலில் வைத்தால் அந்தத் தயிர் சாம்பல் பூத்துக் கறுத்துவிடும். அதனால் சட்டியை எப்போதும் மூடித்தான் வைப்பார்.

மேலூர் டீச்சர்:

இப்போது நான் பிள்ளைகளுக்கு உப்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு டியூப் வைத்துவிடுவேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் வாலை வடிநீர். இரண்டிலும் சில்வர் நைட்ரேட் விட்டுக் காட்டிய பிறகுதான் மற்றது. உப்பைக் கம்பியில் தொட்டுத் தீயில் காட்டி நிறம் பார்க்கும் சுவாலைச் சோதனையிலும் இந்தத் தொல்லை உண்டு. வியர்த்த விரலால் கம்பியைத் தொட்டுவிட்டால் போதும், விரலில் இருக்கும் சோடியம் மஞ்சளாக எரிந்து கால்சியத்தின் செங்கல் சிவப்பைக் கண்ணிலேயே காட்டாது.

ஆனால் சில்வர் நைட்ரேட்டைக் கையில் சிந்தாதே என்றால் யார் கேட்கிறார்கள்? 1962 முதல் தேர்தலில் நம் விரலில் வைக்கும் மையிலும் இருப்பது அதுதான். போன வருடம் ஒரு பையன் ஆள்காட்டி விரல் முழுக்கக் கறுத்துப்போய் வந்தான். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அவன் விரலைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "ஏன்டா, அதுக்குள்ள உனக்கு ஓட்டு வந்துருச்சா?"