கண்மாய்க் களிமண்ணில் ஜியோலைட் வரவில்லை, யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். தேவகோட்டைக்காரன், எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியம் அதிகம், சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அந்தக் கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தை விடும் ஜியோலைட் ஏ என்ற நுண்துளைக் கனிமத்தை நம் மண்ணிலேயே செய்யலாமே என்று இறங்கினேன்.

முதலில் கடையில் வாங்கிய கயோலின் (வெள்ளைக் களிமண்). 700 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டு மெட்டாகயோலின் ஆக்கி, 3 மோலார் காஸ்டிக் சோடாக் கரைசலில் 95 டிகிரியில் வைத்தேன். (கண்ணாடிக் குடுவையில் செய்யாதீர்கள், காரம் கண்ணாடியையே அரிக்கும். பாலிபுரொப்பிலீன் பாட்டில்தான் சரி.) 6 மணி நேரத்தில் எடுத்தது நன்றாக வந்தது. எக்ஸ்-கதிர் வரைபடத்தில் 7.2 பாகையில் ஜியோலைட் ஏ-யின் அழகான சிகரம்! மறந்துபோய் 2 நாள் விட்டது சோடலைட் என்ற வேறு கனிமம் ஆகிவிட்டது. என் தப்புதான்.

அப்புறம் கண்மாய்க் களிமண். அதே முறைதான், ஆனால் வந்தது செம்மண் நிறத்தில் ஒரு பொடி. 26.6 பாகையில் குவார்ட்ஸ் (மணலில் இருப்பது) மட்டும் மலைபோல் நிற்கிறது. கயோலினில் சிலிக்கானும் அலுமினியமும் சரிக்குச் சரி, ஜியோலைட் ஏ-க்கும் அதே கணக்கு. கண்மாய் மண்ணில் அலுமினியம் குறைவு, அதனால் அந்தக் கணக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன்.

சுடுவதற்கு முன்பே மணலைத் தண்ணீரில் தெளியவைத்துப் பிரித்தால் போதுமா, காஸ்டிக்கோடு சேர்த்து உருக்க வேண்டுமா? செம்மண் நிறம் தரும் இரும்பை ஆக்ஸாலிக் அமிலத்தால் கழுவியவர்கள் இருக்கிறீர்களா? குறைந்த அலுமினியத்தை ஈடுகட்ட சோடியம் அலுமினேட் எவ்வளவு சேர்த்தீர்கள்? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் பெரிய உதவி.